மூன்றாம் வகுப்பு அணை

தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கிய வேகத்தில் வந்து, பொதுப்பணித்துறை ஓவர்சியரின் மேஜையை ஓங்கித் தட்டினார் மாடக்கண்ணு.

"எங்க மண் அணைய மூணாம் வகுப்புன்னு எழுதியிருக்கியளே, கண்ணு அவிஞ்சா போச்சு? கரையில தண்ணி கசியுது. ஐப்பசி மழைக்கு உடைஞ்சா கீழ இருக்கிற இருவது குடிசையும் போயிரும்!"

"உடைஞ்சா உயிர்ச்சேதம் வரும்னாத்தான் ஒண்ணாம் வகுப்பு. உடனே கரையைப் பலப்படுத்துவோம். கீழே குடியே இல்லேன்னா மூணாம் வகுப்பு. இந்த வருஷம் ரிப்பேர் கிடையாது."

"யாருய்யா சொன்னா, குடி இல்லேன்னு?"

ஓவர்சியர் ஃபைலைத் திருப்பிக் காட்டினார். "சித்திரையில நானே நேர்ல வந்தேன். ஒரு குடிசைகூட இல்லை. இங்க யாரும் குடியில்லைன்னு கைநாட்டு வச்சது யாரு?"

தன் பெருவிரல் ரேகையையே வெறித்துப் பார்த்தார் மாடக்கண்ணு.

"ஆபீசர் ஜீப்புல வாராருன்னு முந்தின நாளே தலையாரி சொன்னான். புறம்போக்குன்னு இடிக்க வாரியள்னு நெனச்சு, நாங்களே குடிசையப் பிரிச்சு ஒளிச்சு வச்சோம்."

"எதுக்கு வந்தீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

மாடக்கண்ணுவுக்கு அடங்கிய கோபம் மறுபடியும் மூண்டது.

"எதுக்குய்யா கேக்கணும்? எங்களக் காப்பாத்தன்னு இதுவரைக்கும் ஒரு ஜீப்பு வந்திருக்கா?"