மார்பளவுத் தண்ணீரில் ஓட்டம்

ஓடப் பழகத் தொடங்கியதுமே முழங்கால் வலி கண்ட பிச்சுமணியை, ஒரு மாதம் தண்ணீருக்குள் ஓடச் சொன்னார் டாக்டர். அவர் வேலை பார்க்கும் மிளகுக் கம்பெனியின் ஓண ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று. பின்வாங்கினால் ஆபீஸே சிரிக்கும்.

தினமும் விடிந்ததும் கண்ணாடியைக் கரையில் கழற்றி வைத்துவிட்டு, மட்டாஞ்சேரிக் காயலில் மார்பளவு ஆழத்தில் ஓடினார். சற்றுத் தள்ளி ஒரு பெண்ணின் தலை மங்கலாகத் தெரியும். தன்னைப் பார்த்துத்தான் அவளும் பழகுகிறாள் என்று அவருக்குப் பெருமை.

"சும்மா குனிஞ்சு நிமிர்ந்தா போறாது. முட்டியைத் தூக்கி ஓடணும்" என்று சொல்லிக்கொடுப்பார்.

"செரி சாரே" என்பாள்.

பத்தாம் நாள் இருவரும் ஒன்றாகக் கரையேறினார்கள். கண்ணாடியை மாட்டிய பிச்சுமணி, அவள் கையிலிருந்த காலிச் சட்டியைப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"செம்மீனுக்கு, உங்க பாஷையிலே இறால். அடியிலே கையால தடவிப் பிடிப்பேன். சார் ஓடறப்போ எல்லாம் கலைஞ்சு போகுது. பத்து நாளா ஒண்ணும் கிட்டியில்லை."

பிச்சுமணிக்கு முகம் சுண்டிவிட்டது. "முதல் நாளே சொல்லப்படாதோ?"

"டாக்டர் சொல்லி ஓடறதா சாயாக்கடையிலே பறஞ்சாங்க. சாரோட கால் சுகமாகட்டும்னு விட்டேன். இனி எத்தனை நாள் உண்டு சாரே?"

இன்னும் இருபது நாள் இருந்தது.

"இன்னியோட முடிஞ்சுடுத்து" என்றார் பிச்சுமணி, தலையை நிமிர்த்தாமல்.