கரடியின் காது

முதலில் வம்பு செய்தது குரங்கு மெக்கானிக்தான். காரின் பின் ஆக்சிலில் கரகரவென்று சத்தம் வருகிறது என்று கரடி பட்டறைக்குப் போனபோது, நாலு பேர் முன்னால், "சத்தம் வண்டியில இல்லண்ணே, உங்க காதுலதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டது.

அதோடு கரடி அங்கே போகவில்லை. மகள் கல்யாணத்துக்குத் தேன் கொண்டுபோக வேண்டும். தானே ஆக்சிலைக் கழற்றி, தேய்ந்த பேரிங்கை மாற்றியது. ஆனால் உள்ளே இருந்த பெரிய பல்சக்கரத்தை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டது. முதல் கியர் போட்டால் கார் பின்னால் ஓடி முருங்கை மரத்தில் முட்டியது. ரிவர்ஸ் போட்டால் முன்னால் போனது.

சரி என்று தேன் பானைகளை ஏற்றி, ரிவர்ஸ் கியரிலேயே பட்டறை வாசலுக்கு வந்தது.

குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "இறங்குங்கண்ணே, சும்மாவே திருப்பி மாட்டித் தரேன்."

"அது கிடக்கட்டும். அந்தக் கரகர சத்தம் கேக்குதா?"

"இல்லண்ணே."

"அப்ப என் காதுகிட்ட மன்னிப்புக் கேளு."

குரங்கு தலையைச் சொறிந்தது. துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்தது. முகூர்த்தத்துக்கு நேரமானதால் கரடி ரிவர்ஸ் போட்டுக் கிளம்பியது. வழியில் ஆமை ஒன்று அதை முந்திக்கொண்டு போனது.

கல்யாணம் முடிந்து பேரனும் பிறந்துவிட்டான். அந்தக் காதுக்குச் சேரவேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.