ஹோப்பும் விஷ்ஷும்

பள்ளிக்கூட ஜன்னலை ஒட்டிய மரப்பொந்தில் ஒரு பெண்கிளி அடைகாத்துக்கொண்டிருந்தது. இரை கொண்டுவரப் போன ஆண்கிளி நேற்றிலிருந்து திரும்பவில்லை. வகுப்பில் ஆங்கிலப் பாடம் நடந்தது.

“தம்பி, ஹோப், விஷ் என்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?” என்று கிளையில் இருந்த மைனாவிடம் கிளி கேட்டது.

“இரண்டும் ஆசைதான் அக்கா. நடக்கக்கூடியது என்றால் ஹோப். நடக்காது என்று தெரிந்தும் ஆசைப்பட்டால் விஷ். அதற்குப் பின்னால் வினைச்சொல் இறந்தகாலத்துக்குப் போய்விடும்.”

“அப்படியென்றால், அவர் வரணும் என்பதற்கு ஹோப்தானே?”

வயலில் விரித்த வலையில் ஆண்கிளி செத்துக் கிடந்ததை மைனா காலையில் பார்த்திருந்தது. அது தலையைத் திருப்பிக்கொண்டது.

கிளி முட்டைகளை ஒருமுறை அலகால் புரட்டி வைத்தது. பிறகு, “முட்டைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள் தம்பி. இனி என் இரையை நான்தான் தேடணும்,” என்று சொல்லிவிட்டுப் பறந்தது.