சீட்டுக்கடியில் ஒரு டொக் டொக்

இருட்டினால் போதும், அந்தப் பழைய காருக்குள் எங்கேயோ ‘டொக், டொக்’ என்று கேட்கும். அங்கே குடியிருந்த செலின் என்ற சுண்டெலி தன் குட்டிகளை அணைத்துக்கொண்டு நடுங்கிக் கிடப்பாள்.

அன்று வெளியே பூனையும் வந்துவிட்டது. கதவுக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு, “செலின், குட்டிங்களைப் பார்க்க வந்தேன்டி!” என்றது.

செலின் காரின் முன்பக்க பானட்டுக்குள் ஓடினாள். அங்கே எஞ்சினைக் கட்டி மேய்க்கும் மின்பெட்டி இருந்தது.

“சார், கதவைப் பூட்டுங்க சார்!”

“கதவெல்லாம் என் டிபார்ட்மெண்ட் இல்லம்மா.”

‘டொக்!’ மறுபடியும் அதே சத்தம். வேறு போக்கிடம் இல்லாமல், தான் பயந்த அந்தச் சத்தத்தைத் தேடியே போனாள். டிரைவர் சீட்டுக்கடியில், ஈர மிதியடிக்குக் கீழே, இன்னொரு மின்பெட்டி!

“நீதானா இத்தனை நாளா என்னைப் பயமுறுத்தினது?”

“பயமுறுத்தலம்மா, தினமும் கதவைப் பூட்டப் பார்க்கிறேன். பிளக் கழன்றிருக்கு. கடிச்சுத் தொலைக்காதே, தள்ளு!”

செலின் தலையால் முட்டினாள். பிளக் பாதிதான் போனது. கதவுக் கைப்பிடி மெல்ல அசைந்தது.

“இதோ வந்துட்டேன்டி,” என்றது பூனை.

“வாங்கக்கா, வாங்க!” என்றபடி செலின் இன்னொரு முட்டு முட்டினாள்.

‘படக்!’ நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டன.