ஜெயசுந்தரியின் நிறம்

எமி ஈரப் பஞ்சால் அம்மாவின் நெற்றியைத் துடைத்தாள். ரோஸ் பவுடர் திட்டுத்திட்டாகப் பஞ்சில் வந்தது.

மணி மூன்று இருபது. நாலு மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள்.

அல்வாலில் இருந்த அவர்கள் வீட்டின் கூடத்தில், வெள்ளைப் பட்டுப் புடவையில் அம்மா ஜெயசுந்தரியைக் கிடத்தியிருந்தார்கள். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அவள் பூசிக்கொண்ட அதே பவுடரைத்தான் தங்கை வசந்தி இன்றும் பூசிவிட்டிருந்தாள். முகம் வெளுப்பு, கழுத்து கறுப்பு. இரண்டும் வேறு வேறு ஆளுடையவை போல் இருந்தன.

"ஏட்டி, என்ன செய்யுத? நக்கோ, வேணாம், விட்டுரு. எங்கக்கா இன்னைக்குத்தான் செவப்பா இருக்கா" என்றாள் வசந்தி சித்தி.

எமி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். உள்ளே ஒன்பது சிறு புட்டிகள்.

பகலில் நாச்சாரத்தில் சோப்புக் கம்பெனி வேலை. மாலையில் அழகுப்பொருள் தயாரிப்பு வகுப்பு. அது முடிந்து வந்து, சமையலறை மேடையில் அவளாகக் கலந்து பார்த்தவை இவை. கடைகளில் கிடைத்த எந்த முகப்பூச்சும் அம்மாவின் நிறத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

ஏழாவது புட்டிதான் அந்த நிறத்துக்குச் சரியாக வந்திருந்தது. டிவி முன்னால் அம்மா கண்ணயர்ந்த ஒரு மத்தியானம், தாடையோரம் தடவிப் பார்த்துக் குறித்து வைத்தது.

ஜன்னல் திரையை விலக்கினாள். ட்யூப்லைட்டில் நிறம் பார்க்கக் கூடாது.

ஒரு பொட்டு எடுத்துத் தாடையில் வைத்தாள். சாம்பல் பூத்தது.

குறிப்பில் தவறா? கலவையில் தவறா? பிறகுதான் புரிந்தது. அன்று அந்தத் தோலுக்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

பல்குத்தும் குச்சியின் முனையில் சிவப்பு நிறப்பொடி எடுத்துக் கலந்தாள். போதவில்லை. இன்னும் ஒரு முனை. மறுபடி வைத்தபோது பூச்சு இருந்த இடமே தெரியவில்லை.

கன்னம், மூக்கு, கண்ணிமை, காது மடல். கழுத்தும் முகமும் ஒன்றாகிவிட்டன.

காலையிலிருந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்த அப்பா மோசஸை யாரோ கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். அதுவரை அவர் பெட்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

குனிந்து பார்த்தார். "ஜெயா" என்றார். கூப்பிடுகிற குரலில்.

வசந்தி சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வரிசையில் வந்தவர்கள் ஒவ்வொருவராக, அப்படியே தூங்குவதுபோல் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

எமி மட்டும் நிமிரவில்லை.

பின்னாளில், இருபத்திரண்டு நிறங்களில் முகப்பூச்சு செய்யும் கம்பெனிக்கு அவள் முதலாளியான பிறகு, முதலில் யார் முகத்துக்குச் செய்தீர்கள் என்று கேட்பவர்களிடம் "அம்மாவுக்கு" என்பாள். கேட்டவர்கள் நெகிழ்ந்துபோவார்கள். அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஆஸ்பத்திரியில், கடைசியாகப் பேச முடிந்த அன்று, அம்மா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"எல்லாரும் வந்து பாப்பாங்கட்டி. உன் படிப்ப வச்சு என்னைச் செவப்பாக்கி அனுப்பிரு."

எமி சரியென்று தலையாட்டியிருந்தாள்.