விமானத்தில் ஒரு மணி நேரம்

ஜெய்ப்பூரில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்ததுமே, டெல்லி மயூர் விஹார் வீட்டில் வைத்திக்கும் மனைவி வத்சலாவுக்கும் சண்டை.

"ஏன்னா, மழை நாளா இருக்கு. டாக்சியிலயே போயிடலாம்."

"ரோட்டுல அஞ்சு மணி நேரம்டி! பிளேன்ல ஒரே மணி நேரம். பேத்தியை முதல்ல நான்தான் தூக்குவேன், பாரு."

வத்சலா டாக்சியில் கிளம்பிவிட்டாள். வைத்தியின் விமானம் வெகு தாமதமாகப் புறப்பட்டது. காத்திருந்த அலுப்பில், ஏறியதும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு தூங்கிப்போனார். பக்கத்து சீட்காரர் தட்டி எழுப்பியபோது விமானம் தரையில் நின்றது. தூக்கக் கலக்கத்தோடு எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடி, டாக்சி பிடித்து, ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார்.

"ஜல்தி, பையா!"

டிரைவர் மொபைலில் வழி பார்த்தார். "அஞ்சு மணி நேரம் ஆகும், சாப்."

"ஊருக்குள்ள போக அஞ்சு மணி நேரமா?"

"அது ஜெய்ப்பூர்ல இருக்கு, சாப். இது டெல்லி. அங்க புயல் மழையில இறங்க முடியாம ஜெய்ப்பூர் பிளேன் திரும்பி வந்துடுச்சாமே, தெரியாதா?"

அப்போது போன் அடித்தது.

"ஏன்னா, எங்க இருக்கேள்? குழந்தை என் மடியிலதான் இருக்கா. அப்படியே உங்க மூக்கு!"

வைத்திக்குத் தன்னை நினைத்தே சிரிப்பு வந்தது.

"இன்னும் டெல்லியிலதான்டி இருக்கேன். மூக்கோட நிக்கட்டும்னு வேண்டிக்கோ. மூளையும் என்னை மாதிரியே இருந்துடப் போறது!"