கம்பெனி வண்டி

தச்சநல்லூருக்கு நடந்து போய்ச் சேருவதற்குள் வக்கீல் சிவசைலம் பிள்ளைக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது.

அறுந்தால் அறுந்துவிட்டுப் போகிறது. கையில் தூக்கிக்கொண்டு நடந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. முனிசிபல் தேர்தலுக்கு நிற்கிற மனுஷன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற லட்சணத்தைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

வேறு என்ன செய்ய? திருநெல்வேலியில் ஒரு வண்டி பாக்கியில்லை. வில்வண்டி, குதிரை வண்டி, வைக்கோல் ஏற்றுகிற மொட்டை வண்டி எல்லாவற்றையும் சாயக் கம்பெனி விடிவதற்குள் நாள் வாடகைக்குப் பேசி முடித்துவிட்டது. ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு சிவப்புத் துணி வேறு.

கம்பெனிக்கு வேண்டியது ஒன்றுதான். ஊர் குளிக்கிற படித்துறைக்கு மேலே, ஆற்றில் சாயத் தண்ணீரைத் திறந்துவிட முனிசிபாலிட்டி அனுமதி. அதற்காகத் தன் ஏஜெண்டு காந்திமதிநாதனைத் தேர்தலில் நிறுத்திவிட்டு, காசை அள்ளி இறைத்தது.

சிவசைலம் பிள்ளை சும்மா இருப்பாரா? ஜெயித்ததும் முதல் வேலையாக, கம்பெனிகள் தேர்தலில் ஒரு தம்பிடி செலவழிக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவருவேன் என்றார். நோட்டீஸ் அடித்தார். ‘கம்பெனி வண்டியில் வருகிறவன் ஓட்டு கம்பெனி ஓட்டே’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, வீடு வீடாகப் போய்த் தன் கையாலேயே கொடுத்தார்.

வாங்கினவர்கள் எல்லாரும் ஆகா ஆகா என்றார்கள். இன்றைக்குக் காலையில் சிவப்புத் துணி வண்டியில் சொகுசாக ஏறிப் போனார்கள். என்ன ஜனங்களோ!

அப்படியும் இரண்டரை மணிக்கு இரண்டு பேருக்கும் முப்பது முப்பது. வார்டில் மிச்சம் இரண்டே ஓட்டு. ஒன்று அவருடையதே, ராகுகாலம் கழியட்டும் என்று தள்ளிப் போட்டிருந்தார். மற்றது தச்சநல்லூரில் இருக்கும் மாமனார் குற்றாலலிங்கம் பிள்ளையுடையது. ஓட்டை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளும் தாசில்தார் நாலு மணிக்குப் புத்தகத்தை மூடிவிடுவார்.

மாமனார் தங்கமான மனுஷன். சொன்ன சொல்லில் ஓர் எழுத்து பிசக மாட்டார். மருமகனின் நோட்டீஸை மடித்து மடியில் செருகிக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். முழங்கால்தான் வீங்கிக் கிடந்தது. நாலு எட்டு வைக்க முடியாது.

தூக்கிக்கொண்டா போக முடியும்? சிவசைலம் பிள்ளை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

அப்போதுதான் தெருமுனையில் வண்டிக்காரன் சேக் முகம்மதுவின் வில்வண்டி நிற்பது கண்ணில் பட்டது. சிவப்புத் துணியோடுதான்.

"தச்சநல்லூர்ல ஆள ஏத்திட்டு வரச் சொன்னாவ. எந்த ஆளுன்னு சொல்லல. ஏறுங்க அண்ணாச்சி" என்று அவன் கண்ணைச் சிமிட்டினான்.

சிவசைலம் பிள்ளைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கம்பெனி காசிலேயே கம்பெனியைக் கவிழ்க்கலாம்! காலையிலிருந்து பட்ட பாட்டுக்கெல்லாம் வட்டியும் முதலுமாகக் கிடைத்தது போலிருந்தது.

மாமனார் சிவப்புத் துணியைப் பார்த்துத் தயங்கினார். "மாப்ளே, இது அவிய வண்டில்லா?"

"மணியாகுது, ஏறுங்க மாமா!"

வண்டிக்குள் கம்பெனி வைத்த வெற்றிலைத் தட்டு இருந்தது. அங்கேதான் சிவசைலம் பிள்ளையின் வக்கீல் மூளை வேலை செய்தது. வெற்றிலையைத் தொட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மாமனார் கை அந்தப் பக்கம் போகாதபடி தட்டைத் துண்டால் மூடித் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

வழி முழுக்கத் தீர்மானத்தைப் பற்றியே பேசினார். மாமனார் வாயைத் திறக்கவில்லை. மடியிலிருந்து நோட்டீஸை எடுத்தார், வாசித்தார், மடித்து வைத்தார். வண்டி குலுங்குவதில் பாவம் முழங்கால் வலிக்கிறது என்று மருமகன் நினைத்துக்கொண்டார்.

நாலாகக் கால் மணி இருக்கும்போது ஓட்டுச்சாவடிக்குள் நுழைந்தார்கள். தாசில்தார் பேனாவை எடுத்துக்கொண்டு, யாருக்கு ஓட்டு என்று கேட்டார்.

குற்றாலலிங்கம் பிள்ளை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "காந்திமதிநாதன்."

சிவசைலம் பிள்ளை கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது.

"மாமா! என்ன காரியம் பண்ணிட்டிய!"

மாமனார் நோட்டீஸை எடுத்து மேஜைமேல் விரித்து வைத்தார். "நீங்க எழுதினதுதான, மாப்ளே? கம்பெனி வண்டியில வந்தவன் ஓட்டு கம்பெனி ஓட்டு. ஊர் பூரா வாசிச்சுக் காட்டிட்டு நானே மாத்திப் போட்டா நல்லாவா இருக்கும்? நடக்க முடிஞ்சா நடந்து வந்திருப்பேன்."

இந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? பெண் கொடுத்த மாமனாராகப் போய்விட்டார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது சிவசைலம் பிள்ளைக்கு.

சரி, ஒழியட்டும். இன்னும் குடி முழுகிவிடவில்லை. தன் ஓட்டைத் தனக்கே போட்டால் முப்பத்தொன்றும் முப்பத்தொன்றும். திருவுளச்சீட்டு குலுக்கியாக வேண்டும். நெல்லையப்பர் கண் திறந்தால் ஆறு பிழைக்கும்.

"வக்கீல்வாள், உங்க ஓட்டு?" தாசில்தார் பேனாவை மையில் தோய்த்தார்.

சிவசைலம் பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தார்.

ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்த மாமனார், துளிக்கூடக் குத்தல் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்.

"மாப்ளே, நீங்களும் அதே வண்டியிலதான வந்திய?"